பாய்க்கு அடியில் சியாவோசி குடும்பம்

தேவாலய வாசலில் சியாவோசி கன்னத்தை நீட்டிக்கொண்டு வந்தார். பெசமினோ பின்வாங்கி, தூரத்துக் கப்பலுக்கு விடைகொடுப்பவர் போலக் கையை ஆட்டினார்.

நீட்டிய கன்னம் நீட்டியபடியே நின்றது. ஊரே பார்த்தது. எங்கள் சமோவாவில் கன்னத்தோடு கன்னம் வைக்காமல் ஒருவரை அனுப்புவது, முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

"எத்தனை வருஷமா பக்கத்து வீடு! அந்த மனுஷனை இப்படியா அவமானப்படுத்துவீங்க?" என்று வழியெல்லாம் வைதாள் மனைவி லங்கி.

"எனக்கு மட்டும் ஆசையா? ஊரெல்லாம் ஃப்ளூ. வெள்ளிக்கிழமை ஃப்ளைட். இருமிக்கிட்டு வந்தா பேத்தியைத் தொடவே விடமாட்டேன்னுட்டா அனா."

ஆக்லாந்திலிருக்கும் மருமகள் அனா நர்ஸ். சொன்னால் சொன்னதுதான். பிறந்த பேத்தியைப் பெசமினோ இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். அவளைக் கையில் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அதற்காகத் தடுப்பூசி போட்டுக்கொண்டார், வேளை தவறாமல் பப்பாளி தின்றார், சீட்டுக் கச்சேரியை விட்டுவிட்டு இருட்டியதும் படுத்தார், வீட்டிலிருந்த சோப்பையெல்லாம் கரைத்தார்.

"கையாவது கொடுத்துட்டு வாங்க," என்று விரட்டினாள் லங்கி.

போனார். சியாவோசியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். சியாவோசிக்கு முகம் மலர்ந்தது. உடனே பெசமினோ அவர் வீட்டுக் குழாயடிக்கே போய், சோப்புப் போட்டு நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். திரும்பியபோது சியாவோசி தன் உள்ளங்கையை முகர்ந்துகொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, மீன் வாடையா அடிக்குது?"

"சேச்சே! சும்மா, பழக்கம்."

மறுநாள் பேருந்தில் இடமில்லை. "நம்ம ஆள் மடி இருக்க எனக்கென்ன கவலை!" என்று சியாவோசி பெசமினோவின் மடியில் உட்கார்ந்தார். அது இங்கே எல்லோரும் செய்வதுதான். ஆனால் உட்கார்ந்தவர் தொண்டையைச் செருமினார். பெசமினோ மூச்சை அடக்கினார். மறுபடியும் செருமல்.

"வண்டியை நிறுத்துப்பா! இறங்கணும்!"

"ஊர் இன்னும் வரலையே?"

"நடந்தா உடம்புக்கு நல்லது!"

அதற்குப் பிறகு சியாவோசி வீட்டில் யாரும் தலைகாட்டவில்லை. சாயங்காலப் பாட்டுச் சத்தம்கூட நின்றுபோயிற்று. பெசமினோவுக்கு மனசு உறுத்தியது.

வெள்ளிக்கிழமை பெட்டியோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தோட்டத்தின் கோடியில், வெயிலில், சியாவோசி குடும்பம் மொத்தமும் தலைக்குமேல் பாயைப் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் தீவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மன்னித்துவிடு. வீட்டுக்காரர் வந்து பாயை விலக்கித் தழுவும்வரை அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

லங்கி அழுதேவிட்டாள். "நீங்க கோவமா இருக்கீங்கன்னு நினைச்சுட்டாங்க. தப்புப் பண்ணது நீங்க, தலை குனியறது அவங்க!"

பெசமினோவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஃப்ளூவாவது மண்ணாவது! ஓடிப்போய்ப் பாயை விலக்கினார். சியாவோசியைக் கட்டிக்கொண்டு, பாக்கி வைத்த கன்னத்துக்கெல்லாம் சேர்த்து முத்தமிட்டார். சியாவோசி அவரைத் தள்ளிவிடப் பார்த்தார். இவ்வளவு கோபமா என்று பெசமினோ இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"மன்னிச்சுடுப்பா! நான்தான் பாவி!"

மகன், மகள், மருமகன், மைத்துனி, ஒருவரையும் விடவில்லை. எல்லோருடைய கன்னமும் சுட்டது. பாவம், எவ்வளவு நேரம் வெயிலில் காய்ந்தார்களோ என்று அவருக்குக் கண் கலங்கியது.

கடைசியாக அகப்பட்ட சியாவோசியின் மனைவி மெலே, பாயின் ஓரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு முனகினாள்:

"மன்னிப்புக் கேக்க யாருண்ணே வந்தா? வீடு முழுக்க ஃப்ளூ. உங்களை வழியனுப்பாம இருக்க மனசு கேக்கல, உங்களுக்கு ஒட்டிடக் கூடாதேன்னுதான் பாயைப் போத்திக்கிட்டு இம்புட்டுத் தள்ளி உக்காந்தோம்!"