விபத்தில்லாத முழங்கால்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான்; சக்கரத்தைக் கண்டுபிடித்தான். இரண்டாலும் எவருக்கும் காயமே ஏற்படாத வழியைக் கண்டுபிடித்தது மட்டும் ஓசூரில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைதான். அதன் பாதுகாப்பு மேலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வழி ரொம்ப எளிது. அடிபட்டவர் மறுநாள் வேலைக்கு வராவிட்டால்தான் அது 'விபத்து'. வந்துவிட்டால் வெறும் 'சம்பவம்'. ஆகவே எங்களிடம் அடிபட்டவர்கள் தவறாமல் வேலைக்கு வருவார்கள். கம்பெனி காரே வீட்டு வாசலுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வரும். கை கால் நன்றாக இருப்பவர்கள் பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான்.

பொற்கொடிக்கு அந்தக் கார் யோகம் அடித்தது. காவேரிப்பட்டினத்துப் பெண். அசெம்பிளி லைனில் நின்றபடியே வேலை செய்பவள். தீபாவளிக்குள் 'பர்மனென்ட்' ஆக வேண்டியவள். இரும்புப் பாகங்கள் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று பிரேக் பிடிக்காமல் வந்து அவளுடைய வலது முழங்காலின் வெளிப்பக்கம் மோதியது. முட்டி உள்பக்கமாக மடங்கியது. வண்டிக்குச் சேதமில்லை என்பதை உடனடியாக உறுதி செய்தோம்.

எலும்பு டாக்டர் அவளைப் படுக்க வைத்தார். முழங்காலை லேசாக மடக்கி, வெளியிலிருந்து ஒரு கையால் அழுத்தி, மறு கையால் கணுக்காலை வெளிப்பக்கம் இழுத்துப் பார்த்தார். உள்பக்கத்தில் மூட்டு இடைவெளி விட்டது. அவள் கத்தியது வெளியே கார் டிரைவருக்கே கேட்டது.

"மூட்டைப் பிடிச்சிருக்கிற உள்பக்க நார், லிகமென்ட், பாதி கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் வேண்டாம், தானா கூடிரும். கீல் வச்ச இந்த பெல்ட்டை ஆறு வாரம் கழட்டக் கூடாது. பட்டையை இழுத்து விட்டா எந்தக் காலுக்கும் சேரும். நின்னு வேலை செய்யவே கூடாது" என்றார்.

ஒரு தனி மனிதரின் கருத்தை மட்டும் நம்பிவிடுவது எங்கள் வழக்கமல்ல. மறுநாளே 'முழங்கால் மதிப்பீட்டுக் குழு' கூடியது. மனிதவளத் துறை பிரதாப், புரொடக்‌ஷன் மாதேஸ்வரன், நான். போண்டா வந்தது.

"பாதுகாப்பு விருதுக்கு நாளைக்கு ஆடிட்" என்றார் பிரதாப். "பெல்ட்டைப் பாத்தா ஏன்னு கேப்பாங்க."

"பெல்ட் இல்லேன்னா?" என்று கேட்டேன்.

"ஏன்னு கேக்க மாட்டாங்க."

மருத்துவ உலகம் இன்னும் எட்டாத தெளிவு இது.

"லீவு குடுத்துட்டா?" என்றார் மாதேஸ்வரன்.

"குடுத்தா விபத்தாயிரும்."

"அப்ப லைன்லயே நிக்கட்டும். எனக்கும் ஆளு பத்தல."

பொற்கொடியைக் கூப்பிட்டோம். அறையில் நாற்காலி மூன்றுதான் இருந்ததால் அவள் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றாள்.

"இதக் கழட்டுனா முட்டி உள்ள வாங்குதுங்க சார். நிக்கவே பயமா இருக்குது."

"ஒரு நாள்தாம்மா. ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆவாது" என்று பிரதாப் பாதிக் கன்னடத்தில் தைரியம் சொன்னார். "பர்மனென்ட் ஆர்டர்ல நான்தான் கையெழுத்துப் போடணும், தெரியுமில்ல?"

மறுநாள் காலை அவள் குனிந்து பட்டைகளைப் பிரித்து பெல்ட்டை என்னிடம் கொடுத்தாள். பீரோவில் வைத்துப் பத்திரமாகப் பூட்டினேன்.

ஆடிட்டர் எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியடைந்து பொற்கொடியின் பின்னால் வந்து நின்றார். "கொஞ்சம் இப்படித் திரும்பும்மா" என்றார். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. டப்பென்று ஒரு சத்தம். கீழே கிடந்தாள்.

"என்ன ஆச்சு?"

"காலையில சாப்பிடாம வந்திருக்கும் சார். மயக்கம்" என்றேன்.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு இரும்புச் சத்து கம்மி."

"நாள் பூரா இரும்போடதான் சார் இருக்காங்க" என்று வருத்தப்பட்டார் மாதேஸ்வரன்.

இரும்புச் சத்து மாத்திரை வழங்குமாறு பரிந்துரைத்து, எங்களுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார் ஆடிட்டர். மயக்கம் என்பது தனிப்பட்ட உடல்நலக் குறைவு. விபத்துக் கணக்கில் வராது.

டாக்டர் மறுபடி அழுத்திப் பார்த்தார். இந்த முறை மூட்டு கதவு மாதிரி திறந்ததாம். பாதி கிழிந்தது முழுதும் கிழிந்து, நடுவிலிருக்கும் இன்னொரு லிகமென்ட்டும் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார். நிற்க முடியாதவளுக்கு நிரந்தர வேலை எப்படித் தருவது? பிரதாப் கனத்த மனத்தோடு பேனாவை மூடினார்.

விருது விழா பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. கேடயத்தோடு மேடையிலிருந்து இறங்கியபோது, கேமராவைப் பார்த்துச் சிரித்ததில் நான் ஒரு படியைத் தவறவிட்டேன். முழங்கால் உள்பக்கம் மடங்கியது. விழுந்தது ஹோட்டலில் என்பதால் தொழிற்சாலையின் பெயருக்கு மாசு இல்லை. கம்பெனி முழுச் சம்பளத்தோடு லீவு கொடுத்தது. பீரோவில் சும்மா கிடந்த பெல்ட்டை வரவழைத்துக் கட்டிக்கொண்டேன். எதையும் வீணாக்காதிருப்பது எங்கள் கொள்கை. பட்டையைக் கொஞ்சம் இழுத்து விட்டதும் அளவு கச்சிதமாகச் சேர்ந்தது.

நான்காம் நாள் பொற்கொடி என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் ஊன்றுகோல். நான் சோபாவில் தலையணைமேல் காலை நீட்டியிருந்தேன்.

"ஆபரேஷன் பண்ற வரைக்கும் பெல்ட்டு போட்டே ஆவணும்னாருங்க சார். பீரோவுல வச்சீங்களே, வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஆறு வாரத்துக்கு இதைக் கழட்டவே கூடாதுன்னு டாக்டர் ரொம்பக் கண்டிப்பா சொல்லிட்டாரும்மா" என்றேன்.

அவள் என் முழங்காலைப் பார்த்தாள்.

"எனக்கும் அதத்தான் சொன்னாருங்க சார்."