மருந்து படாத எலிகள்

மருந்தே படாத எலி தும்மியது. தில்லைநாதன் குனிந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

பளைக்கு அருகே இருந்த அந்தச் சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் அவரிடம் இரண்டு கூடுகள் இருந்தன. மிளகாய்த் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தை ஒரு கூட்டு எலிகளுக்குப் பம்பினால் அடித்தார். மற்றக் கூட்டுக்கு நல்ல காற்று மட்டும். இரண்டு நுரையீரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் கொழும்பிலிருந்து வரும் திணைக்களப் பெரியவர் நம்புவார். அவர் நம்பினால்தான் மூக்கைத் திறந்துகொண்டு மருந்தடிக்கும் கமக்காரருக்கு முகமூடி கிடைக்கும். அவர் வெள்ளிக்கிழமை வருகிறார்.

நல்ல எலியின் நுரையீரலை முதன்முதல் நுணுக்குக்காட்டிக் கண்ணாடிக்குள் பார்த்த அன்று தில்லைநாதன் சாப்பாட்டையே மறந்துபோனார். அப்பத்தின் நடுவில் கண் விழுந்தது போல எத்தனை காற்றறைகள்! "கடவுளே, ஒரு எலிக்கு இவ்வளவு வேலைப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னார்.

"குளிர்ல தும்முதுங்க ஐயா," என்றார் கூடுகளைப் பராமரிக்கும் மாயாண்டி. "மாரிக்காத்து சும்மாவா அடிக்குது? நம்ம புள்ளைன்னா போத்தி விடமாட்டமா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆணியில் தொங்கிய தன் வேலைச் சட்டையை எடுத்து நல்ல கூட்டைப் போர்த்தினார். மறுநாள் எல்லா எலியும் தும்மின.

"சட்டை மெல்லிசுங்க ஐயா."

காற்சட்டையையும் சேர்த்துப் போட்டார். எலிகள் தீனியைத் தொடவில்லை.

இடம்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, போர்த்தியது போர்த்தியபடியே கூட்டைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"இஞ்சேருங்கோ, உள்ள எலிக்கே பொறி வைக்க ஏலாமல் கிடக்கு. நீங்கள் வேற கொண்டந்து குடிவைக்கிறியளே!" என்றாள் மனைவி கமலாசனி.

"உரத்துக் கதையாதையும். அதுகள் பயப்பிடும்."

விடிந்தபோது ஒரு எலி செத்துக் கிடந்தது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடிப்போய் அதன் நுரையீரலைப் பார்த்தார். காற்றறையில் ஒரு கண் கூடத் திறந்திருக்கவில்லை. மருந்தடித்த எலியே இதைவிடத் திறம். உலகத்தில் யாரும் அறியாத ஒரு நோயைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

"கமலா, மருந்து படவேயில்லை! ஆனால் மருந்து பட்டதை விட மோசம்! இது என்ன சக்தியப்பா?"

கமலாசனி கூட்டுக்குக் கிட்டப் போய்ச் சட்டையைத் தூக்கி மணந்து பார்த்தாள். முகம் சுளித்தது.

"இது நீங்கள் மருந்தடிக்கேக்க போடுற சட்டையெல்லோ?"

தில்லைநாதன் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பம்பால் அடித்தது கொஞ்ச நேரம்தான்; துணியில் ஊறிக் கிடந்ததோ ராப்பகலாக அந்தச் சின்ன உயிர்களை மூடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வளவு செய்யுமா? பயமும் பிரமிப்புமாக அவர் அந்தச் சட்டையையே பார்த்தார்.

"ஐயோ, நானே கெடுத்துப்போட்டன். பெரியவருக்குக் காட்ட மருந்து படாத எலிக்கு இனி எங்கை போவன்?"

கமலாசனி சட்டையைச் சுருட்டிக் கையில் எடுத்தாள்.

"எலியைப் பிறகு தேடுங்கோ. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இதைத் தோய்க்கிற என்னை எந்தக் கூட்டில விடப்போறியள், அதை முதல் சொல்லுங்கோ."