எழுநூற்று எண்பத்தாறு விலையல்ல

786

முல்லா வீதி,
புதுச்சேரி.

மதிப்பும் பாசமும் மிக்க மச்சான் ஷஃபீக் அவர்களுக்கு, மொய்னுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை ரமீஜாவும் நலம், அவள் முழங்கால் நீங்கலாக. காரைக்காலில் உங்கள் வீட்டில் சிறுசு பெருசு எல்லோருடைய சுகத்துக்கும் துஆ செய்கிறேன். நீங்கள் மூன்று முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. கோபமாக இருப்பீர்கள். எடுத்தால் மகள் ஃபரீஹாவுக்கு நீங்கள் பார்த்திருக்கும் நாகூர் மாப்பிள்ளை பேச்சு வரும், எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் கடிதம். நிக்காஹை ஒரு வருடம் தள்ளிவைக்கச் சொல்லி நீங்கள்தான் மாப்பிள்ளை வீட்டில் பேச வேண்டும். காரணத்தை முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பிள்ளைச்சாவடியில் மீனவர்களுக்கு வலை பின்னும் கூடம் கட்ட டெண்டர் வந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக நான் நின்று கட்டிய கட்டடங்களில் எல்லாம் கல்வெட்டில் வேறு காண்ட்ராக்டர் பெயர்தான் இருக்கிறது. இந்த ஒன்றாவது என் பெயரில் வரட்டும் என்று துணிந்து இறங்கினேன். இதில் இரண்டு கவர் கொடுக்க வேண்டுமாம். ஒன்றில் விலை. மற்றதில் வேலையை எப்படிச் செய்வோம் என்ற விளக்கம். விளக்கம் தேறினால்தான் விலைக் கவரையே திறப்பார்கள். விளக்கத்துக்குள் மறந்தும் விலை தெரியக் கூடாது, தெரிந்தால் அன்றோடு தள்ளுபடி. இதில் என்ன பெரிய வித்தை என்று நானே ஒரு தாளில், ‘ஐயா, நான் ஒழுங்காகக் கட்டுவேன், சந்தேகமிருந்தால் கட்டியதை வந்து பாருங்கள்’ என்று எழுதி, சிவில் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஃபரீஹாவிடம் இங்கிலீஷில் டைப் அடிக்கக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அத்தா, இதுக்கு எவ்ளோ மார்க் போடுவாங்கன்னு பாத்தீங்களா?” என்றாள்.

மார்க் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். டெண்டர் புத்தகத்தின் பின்னால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள் மச்சான். அதைக் கிழிக்காமல் ஜெராக்ஸ் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அந்த வரிசையிலேயே அத்தியாயம் பிரித்தாள். மார்க் போடுபவர் எதையும் தேடக் கூடாது, அவர் விரல் வைக்கும் இடத்தில் நம் பதில் இருக்க வேண்டும் என்றாள். பிள்ளைச்சாவடிக்குப் போய் அம்மாவாசை என்ற மீனவரைப் பிடித்து, கார்த்திகையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேட்டு, அதற்கு இந்தப் பக்கம்தான் சிமெண்ட் மூட்டை அடுக்குவோம் என்று படம் போட்டாள். கலவை பதம் எப்படிப் பார்ப்பீர்கள் என்று என்னைக் கேட்டாள். கைக்குத் தெரியும் என்றேன். “கைக்குத் தெரிஞ்சத வாயால சொல்லுங்கத்தா” என்று மூன்று நாள் என்னை விடவில்லை. கடைசியில் அதை மட்டும் பதினோரு பக்கம் எழுதி, எனக்காகத் தமிழில் சொல்லிக் காட்டினாள். இதையெல்லாம் நானா செய்கிறேன்? கொத்தனாராக ஆரம்பித்த காலத்திலிருந்து என்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை மச்சான். கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லவில்லை. வேலை நாட்களுக்கு ஓர் அட்டவணை வேறு, கலர் கலராகக் கோடு. நடுவில் தனியாக ஒரு பச்சைக் கோடு அழகாக இருந்தது. அது என்ன என்றேன். கான்கிரீட் போட்ட தளம் இறுகத் தண்ணி கட்டி வைக்கிற நாள் என்றாள்.

விளக்கக் கவர் மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு பக்கம். ஒவ்வொன்றிலும் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பேனாவைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும், பால் கார்டில்கூட பிஸ்மில்லாவுக்காக மேலே 786 போடாமல் எழுதமாட்டேன். நூற்று நாற்பத்தெட்டிலும் போட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு சுவரில் சாய்ந்துகொண்டாள். கடைசி நாள், மறுபடி அச்சடிக்க நேரமில்லை. அப்படியே ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினாள்.

அவள் பயந்தது நடந்தது. அந்தக் கவரைத் திறந்த மறுவாரம் விளக்கம் கேட்டுக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் செயற்பொறியாளர், பக்கத்தில் சூப்பரிண்டெண்டென்ட் நிர்மலா மேடம். விலை சொல்லக் கூடாத கவரில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு தொகை எழுதியிருக்கிறதே, இது லட்சக் கணக்கா, சதுர அடிக் கணக்கா என்று செயற்பொறியாளர் கேட்டார். இருபத்திரண்டு வருடம் காத்திருந்து, என் கையாலேயே கெடுத்துக்கொண்டேனே என்று நினைத்தேன். ஃபரீஹா எழுந்தாள். அவர் முன்னாலிருந்த குறிப்புத் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருந்தது.

“சார், உங்க தாள்ல மேல உ இருக்கு. தமிழ் எண்ல உ-ன்னா ரெண்டு. அது நீங்க எங்களுக்குப் போட்ட மார்க்கா சார்?”

முதலில் சிரித்தது நிர்மலா மேடம். பிறகு செயற்பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தன் சுழியை ஒரு தரம் பார்த்தார், அதன் கீழேயே ‘786 விலையல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கித் தேறிவிட்டோம் மச்சான். நான் பெற்ற பெண்ணா இவள் என்று வரும் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டி ஓட்டியது அவள்தான், அதனால் ஆபத்தில்லை.

விலைக் கவரை வரும் வியாழன் திறக்கிறார்கள். கிடைத்தால் பத்து மாத வேலை. சைட்டில் நிற்கும் தளப் பொறியாளர் என்று ஃபரீஹா பெயர்தான் கொடுத்திருக்கிறது, முடியும்வரை அங்கேயே இருப்பேன் என்று உறுதிமொழியும் தந்திருக்கிறாள். இந்த நேரத்தில் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டால் நான் என்ன செய்வேன்? வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இந்தப் பதினைந்து நாளில்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மனம் கோணாமல் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம். வியாழக்கிழமைக்காக மதிய லுஹர் தொழுகையில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவர்,
மொய்னுதீன்.

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பிழை திருத்த ஃபரீஹாவிடம் கொடுத்தேன். முக்கியமான சேதியை முதல் பத்தியிலேயே சொன்னது சரி, சேதிதான் தப்பு என்றாள். அட்டவணையை எடுத்துவந்து பச்சைக் கோட்டில் விரல் வைத்தாள். தளம் தண்ணீரில் ஊறும் இருபத்தொரு நாளில் ஐந்து நாள் தளப் பொறியாளருக்கு விடுப்பு, அந்த நாட்களில் பொறுப்பு மொய்னுதீன் என்று இங்கிலீஷில் இருக்கிறதாம். எதற்கு விடுப்பு என்றேன். “நிக்காஹுக்குத்தான் அத்தா. மாமா நாகூர்க்காரர் நம்பர் குடுத்தாங்க, அவருகிட்டயே தேதி கேட்டுத்தான் போட்டேன். ஆறாம் நாள் சைட்டுக்கு வந்துடுவேன்” என்றாள். நீங்கள் மூன்று முறை போன் செய்தது இதைச் சொல்லத்தான் என்று இப்போது புரிகிறது. ஆகவே மேலே எழுதிய எதையும் நாகூரில் சொல்லிவிடாதீர்கள். தேதி அரசாங்கத்தில் பதிவாகி, அதற்கு மார்க்கும் போட்டாகிவிட்டது. அந்தப் பக்கத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. மேலே 786-உம் இருக்கிறது.