பீப்பாயில் நன்றாக ஓடும் மோட்டார்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் ஒரு மோட்டாருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காமலேயே அதைச் சரிசெய்துவிட்டதாக அறிவிக்கும் அரிய வித்தையைக் கண்டுபிடித்த பெருமை ஆற்றுப் படகு அலுவலகத்தையே சேரும். வரலாறு இதைப் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டும். பொன் தட்டுப்பாடு என்றால் அலுவலகத்தில் மைக்குப் பஞ்சமில்லை.

அலுவலகம் இரண்டு மாடிக் கட்டடம். அதில் ஓர் இயக்குநர், ஒரு கணக்காளர், ஒரு கிடங்குக்காரர், இவர்களுக்கு நடுவே தொழில்நுட்ப அதிகாரி என்று அறைக்கு அறை ஆள் உண்டு. இத்தனை பேரும் சேர்ந்து ‘நிர்வகித்தது’ ஒரே ஒரு படகை. அந்தப் படகின் பின்பலகையில் தொங்கிய ஒரே மோட்டார்தான் இந்தக் கதையின் நோயாளி. வைத்தியர் நம் தொழில்நுட்ப அதிகாரி. இயக்குநர் அறையில் நின்றுபோன மின்விசிறியை ஒரு தட்டுத் தட்டி ஓடவைத்த நாளிலிருந்து அவருக்கு அந்தப் பதவி.

மோட்டார் இக்கரையிலிருந்து கிளம்பும்போது கம்பீரமாகத்தான் கிளம்பும். நடு ஆற்றைத் தாண்டியதும் இருமத் தொடங்கும். அக்கரை நெருங்கி வேகத்தைக் குறைத்தால் படகே பல்லைக் கடித்துக்கொள்கிற மாதிரி குலுங்கும். பிறகு பொட்டென்று நின்றுவிடும். படகுத்துறைக்குச் சற்றுக் கீழே தடுப்பணை. மோட்டார் நின்ற படகை ஆறு சும்மா விடுமா? அணைப்பக்கம் இழுக்கும். படகோட்டி கரையைப் பார்த்துக் கயிற்றை வீசுவார். இதுவரை யாராவது ஒருவர் அதைப் பிடித்திருக்கிறார். அலுவலகம் இதை ‘மக்கள் பங்கேற்பு’ என்று அழைத்தது.

தொழில்நுட்ப அதிகாரிக்கு இதெல்லாம் ஆபீஸ் விஷயமாக மட்டும் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் அவர் மனைவி அக்கரை மருத்துவமனையில் நர்ஸ். தினமும் அந்தப் படகில்தான் போய்வந்தாள்.

“இன்னிக்கும் நின்னுபோச்சு,” என்று ஒரு நாள் மாலை உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அது சிவந்து வீங்கியிருந்தது. “பெட்ரோல் குழாய் நடுவுல ஒரு ரப்பர் உருண்டை இருக்கே, அதை அமுக்கிக்கிட்டே இருந்தாத்தான் ஓடுதாம். ‘மோட்டார் ஆபீசர் வீட்டம்மா, நீங்களே அமுக்குங்கம்மா’ன்னு உங்க படகோட்டி என் கையில குடுத்துட்டாரு. அமுக்கி அமுக்கி ஊசி பிடிக்க முடியல.”

“நாளைக்கு அதுக்குத்தான் கூட்டம் போட்டிருக்கோம்.”

“கூட்டமா? நல்லதாப் போச்சு. அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்து அமுக்கச் சொல்லுங்க.”

கூட்டம் மிகுந்த பொறுப்புணர்வுடன் நடந்தது. நோய்க்கு முதலில் பெயர் வைக்க வேண்டும் என்றார் இயக்குநர்.

“இருமுதுன்னு எழுதலாம் சார்,” என்றார் தொழில்நுட்ப அதிகாரி.

“இருமல்னு எழுதினா சுகாதாரத் துறைக்காரங்க உள்ள வந்துடுவாங்க,” என்றார் கணக்காளர். அவர் தொலைநோக்கு உள்ளவர்.

“நடுக்கம்?”

“நடுக்கம்னா ஏதோ நம்மளைப் பார்த்துப் பயந்த மாதிரி இருக்கு.”

நெடிய விவாதத்துக்குப் பிறகு ‘மோட்டாரிடம் அவ்வப்போது ஒருவிதத் தயக்கம் காணப்படுகிறது’ என்று ஒருமனதாக முடிவானது. எல்லோரும் கைதட்டினார்கள். பாதி நோய் அப்போதே குணமாகிவிட்டதாக இயக்குநர் கருதினார்.

மீதிப் பாதிக்குச் சோதனை. அலுவலகத்தின் பின்கட்டில் தண்ணீர் நிரப்பிய ஓர் இரும்புப் பீப்பாய் இருந்தது. படகிலிருந்து மோட்டாரை மட்டும் கழற்றி வந்து பீப்பாயின் விளிம்பில் மாட்டுவார்கள். ஒரு காலி பெயிண்ட் டப்பாவில் பெட்ரோலை ஊற்றி, அதில் குழாயைப் போட்டு ஓடவிடுவார்கள். ஆற்றுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், ஆற்றில் நிழல் இல்லை. இருக்கைகளையும் தேநீரையும் அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது. தவிர, படகில் ஏறக் குழுவில் யாருக்கும் தைரியமும் இல்லை.

முதலில் தீப்பொறி பிளக்கை மாற்றினார்கள். பீப்பாயில் மோட்டார் பிரமாதமாக ஓடியது. ‘குணமடைந்தது’ என்று கையெழுத்தாயிற்று. மறுநாள் ஆற்றில் நின்றுபோனது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார்கள். பீப்பாயில் இன்னும் பிரமாதமாக ஓடியது. மறுபடி கையெழுத்து, மறுபடி ஆற்றில் நின்றுபோனது. கடைசியில் கிடங்குக்காரர் ஒரு கருத்துச் சொன்னார்.

“போன வருஷம் நீலப் பெயிண்ட் அடிச்சோமே, அதுலேர்ந்துதான் சார் இதுக்கு இந்தக் கேடு.”

வெள்ளைப் பெயிண்ட் அடிக்கப்பட்டது. பீப்பாயில் வெள்ளை மோட்டார் தேவலோகத்து வாகனம் போல ஓடியது. ஆற்றில் வெள்ளையாக நின்றது.

“ஆத்துத் தண்ணிலதான் சார் கோளாறு இருக்கணும்,” என்றார் கணக்காளர். அதற்கும் ஒரு துணைக்குழு போட்டார்கள்.

அந்தத் துணைக்குழு கூடுவதற்கு முன்னால் ஒரு விபரீதம் நடந்தது. பெயிண்ட் டப்பாவை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தொழில்நுட்ப அதிகாரி படகின் பெட்ரோல் டாங்கையே பீப்பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். மோட்டார் கம்பீரமாகக் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில், பீப்பாயில் ஒரு நாளும் இருமாத மோட்டார், இருமியது. அவர் குனிந்து பார்த்தார். ரப்பர் உருண்டை சப்பிப்போய், சூப்பிப் போட்ட மாம்பழத் தோலாகக் கிடந்தது. டாங்க் மூடியைத் திறந்தார். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு சீராக ஓடத் தொடங்கியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். காற்று உள்ளே போக வேண்டிய துளையின் சின்னத் திருகின்மேல் சிவப்பு அரக்கு. அரக்கின்மேல் அலுவலக முத்திரை.

அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மனைவியின் கை நினைவுக்கு வந்தது. மூடியை எடுத்துக்கொண்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்.

“சார், கண்டுபிடிச்சுட்டேன்! பெட்ரோல் வெளிய போகப் போக டாங்குக்குள்ள காத்து வரணும் சார். காத்து வர்ற வழியை அரக்கு வச்சு அடைச்சிருக்கு. அதான் போகப் போக மோட்டாருக்குப் பெட்ரோல் கிடைக்காம மூச்சு முட்டுது. இதைச் சுரண்டி எடுத்துட்டாப் போதும் சார்!”

இயக்குநர் மூடியை வாங்கிப் பார்த்தார். நிதானமாக மேஜைமேல் வைத்தார்.

“இது யாரு வச்ச அரக்கு?”

“...நீங்க வச்சது சார்.”

“எதுக்கு வச்சேன்?”

“பெட்ரோல் ஆவியாகிப் போகாம இருக்க சார். ‘ஒரு துளியும் வீணாகாத் திட்டம்.’”

“அதுக்கு மேலிடத்துல எனக்கு என்ன குடுத்தாங்க?”

தொழில்நுட்ப அதிகாரி அலமாரியைப் பார்த்தார். அங்கே வெள்ளிக் கேடயம் பளபளத்தது.

“கேடயம் சார்.”

“அதைத் திருப்பிக் குடுத்துடச் சொல்றீங்களா?”

“ஐயையோ, அப்படிச் சொல்வேனா சார்?”

“உங்க பதவி உயர்வு விஷயம்கூட இந்த மேஜைமேலதான் இருக்கு. இப்போ யோசிச்சுச் சொல்லுங்க. மோட்டாருக்கு என்ன கோளாறு?”

தொழில்நுட்ப அதிகாரிக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டில் பயம்தான் பதவியில் மூத்தது என்பதால் அது சொன்னபடியே நடந்தது.

“ஒண்ணும் இல்ல சார். பீப்பாயில நல்லா ஓடுது.”

“அதைத்தான் நானும் சொல்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க.”

அன்று மதியமே படகுத்துறையில் பெரிய பலகை ஏறியது. ‘மோட்டார் வல்லுநர்களால் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டுள்ளது. பயணிகள் அச்சமின்றிப் பயணிக்கலாம்’ என்று அதில் எழுதியிருந்தது. கீழே தொழில்நுட்ப அதிகாரியின் கையெழுத்து, வால் நீட்டி, சுழி போட்டு, யார் பார்த்தாலும் நம்புகிற மாதிரி இருந்தது. மூடி பழையபடி டாங்கின்மேல் ஏறி உட்கார்ந்தது. அரக்கு ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்ததால் கிடங்குக்காரர் அதன்மேல் இன்னொரு பூச்சு உருக்கி ஊற்றினார்.

மாலையில் மனைவி வீட்டுக்கு வந்தபோது தொழில்நுட்ப அதிகாரி வாசலிலேயே நின்றிருந்தார். என்றும் இல்லாத வழக்கமாகப் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

“நாளைலேர்ந்து நீ பஸ்ல போ,” என்றார்.

“பஸ்லயா? பாலத்தைச் சுத்திக்கிட்டு எந்தக் காலத்துல போய்ச் சேர்றது? அதான் மோட்டார் சரியாயிடுச்சுன்னு போர்டு வச்சிருக்கீங்களே. இன்னிக்கு வரும்போதுதான் படிச்சேன். எல்லாரும் கைகூடத் தட்டினாங்க.”

“சரியாயிடுச்சுதான்.”

“அப்புறம் நான் எதுக்குப் பஸ்ல போகணும்?”

அவர் பையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி அங்கேயும் இங்கேயும் பார்த்தார். அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, வலி எங்கே என்று நோயாளி சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

“சரி. நான் பஸ்லயே போறேன்,” என்றாள். “இன்னிக்கு என் பக்கத்துல தையல்கடைப் பொண்ணு ஒருத்தி உக்காந்திருந்தா. உங்க போர்டைப் பார்த்துட்டு, நாளைலேர்ந்து தன் குழந்தையையும் படகுலயே கூட்டிட்டு வரப்போறேன்னு சொன்னா. அவளைப் பஸ்ல போகச் சொல்ல அவ புருஷன் உங்க ஆபீஸ்ல வேலை பார்க்கலையே. நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”