கம்பைலருக்கு ரெண்டா, மூணா?

காரோடு,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சுகுமாரி அக்காவுக்கு, தம்பி சத்தியதாஸ் வணங்கி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரி ஓமனக்குட்டியும் சுகம். உங்கள் முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நேற்று உங்கள் மகன் பிபினும் என் மகள் அஷ்வதியும் போட்ட சண்டையைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை!

கடலில் போட்டிருக்கும் மிதவை அனுப்பும் கணக்கை வைத்து அலையின் உயரம் காட்டும் ப்ரோகிராம் ஒன்றை அஷ்வதி பேக்கேஜ் செய்து எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறாள். மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரில் அது ஊர்ந்து ஊர்ந்து வருகிறது என்று வள்ளக்காரர் ஜெயதாஸ் அண்ணன் புகார் சொன்னார். எழுதிய ப்ரோகிராமை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றுவது கம்பைலராம். அதில் வேகத்துக்கு நம்பர் உண்டாம், நம்பர் கூடினால் வேகமும் கூடுமாம். அஷ்வதி பொதுவாக ரெண்டு வைத்திருந்தாள்.

"மூணு கெடக்கும்போ ரெண்டு எதுக்கு மாமா? என் புது லேப்டாப்புக்கு ஏத்த மாதிரி இறுக்கிப் போட்டா பறக்கும்!" என்றான் பிபின்.

"பேக்கேஜ் உனக்கு மட்டுமில்ல, ஊருக்காக்கும்" என்றாள் அஷ்வதி.

நான் கேட்டேனா? "போடு மக்கா!" என்றேன். அவன் லேப்டாப்பில் பறந்தது, சங்கத்தில் கொண்டுபோய்ப் போட்டால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று வந்து நின்றது. இல்லீகல் என்றால் சட்டவிரோதமல்லவா! "எலே, போலீஸ் வாறதுக்கு முன்னே வயரப் பிடுங்கு!" என்று கத்தினேன். "அப்பா, புது மெஷினுக்கான கட்டளை இந்தப் பழசுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்று அஷ்வதி தலையில் கைவைத்தாள். பிபின் விடுவானா? பழசிலும் ஓடும்படி மாற்றி, கணக்கை மட்டும் குறுக்குவழியில் போடச்சொல்லி மறுபடி கொண்டுவந்தான். ஓடியது அக்கா! 'கடல் அமைதி' என்று பச்சை காட்டியது.

"அப்போ நான் வள்ளம் எறக்கப் போறேன், கேட்டியா" என்று ஜெயதாஸ் அண்ணன் எழுந்தார்.

அஷ்வதி வாசலை மறித்துக்கொண்டாள். "போவாதீங்க மாமா! மிதவையில இருந்து இன்னைக்குக் கணக்கே வரல்ல. வரல்லன்னா செவப்பு காட்டணும். இவன் குறுக்குவழி அந்தச் சோதனையையே தூக்கிப் போட்டுட்டு!"

அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழியவில்லை, காற்றே இல்லாமல், சொல்லாமல் பொங்கும் கள்ளக்கடல் ஏறி வந்து கரைச் சுவரைத் தாண்டி ரோட்டில் விழுந்தது! ஜெயதாஸ் அண்ணன் அஷ்வதியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிபின் முகம் வெளிறி, "ரெண்டே போதும் அஷ்வதி" என்றான்.

இனி அவள் தரும் எல்லா பேக்கேஜுக்கும் அந்த ரெண்டுதான். பிபினை ஏசாதீர்கள் அக்கா, பிள்ளை நல்லவன். உங்கள் பாதம் தொட்டு, வீட்டுச் சிறுசுகளுக்கு முத்தங்களுடன்,

சத்தியதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் ஜெயதாஸ் அண்ணன் போன் பண்ணினார். சங்கத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்களாம். ஃபேனுக்குள் ஒரு கரப்பான் குடும்பமே இருந்ததாம், அதனால்தான் மெஷின் சூடாகி ஊர்ந்ததாம்! துடைத்துப் போட்டதும் அஷ்வதியின் பழைய பேக்கேஜே பறக்கிறதாம்.