இருபது கிலோ வில்

செத்துப்போவதற்குள் ஒரு வில் செய்துவிட வேண்டும் என்று அங்குலம் முடிவு செய்தார். அதிக நாள் இல்லை. அவருடைய அப்பா ஐம்பத்துநாலு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அண்ணனும் அதே ஐம்பத்துநாலில், சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே. அங்குலத்துக்கு இப்போது ஐம்பத்துமூன்று வயது, பத்து மாதம். போன மழைக்காலத்தில் அவருடைய நெஞ்சும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டது.

மரச்சாமான் தொழிற்சாலையில் முப்பது வருஷம் அளவு சரிபார்த்ததால் வந்த பட்டப்பெயர்தான் அங்குலம். நாற்காலிக் காலில் அரை நூல் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தொழிற்சாலை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"வில்லா? என்னத்துக்கு?" என்றாள் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கேள்வியையும் சீட்டைப் பார்த்துப் படிப்பதுபோலத்தான் கேட்பாள்.

"வில்வித்தைச் சங்கத்துல போட்டி. கையால செஞ்ச மர வில்லுக்குத் தனிப் பிரிவு. இழுவை இருபது கிலோ இருக்கணும்."

"டாக்டர் பத்து கிலோவுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னார்."

"அவர் வாளியைச் சொன்னார். வில்லைச் சொல்லலை."

"உங்க தலையில வில்லு முளைக்கும்னு அவருக்கு எப்படிங்க தெரியும்? இது வில்லு இல்லை, வில்லங்கம்."

"வாளி தூக்க விடலை, கட்டிலை நகர்த்த விடலை. கண்ணாடி டம்ளர் மாதிரி வெச்சிருக்கே. சாகிறதுதான் சாகிறேன், நாணை இழுத்து நின்னுக்கிட்டே சாகிறேன்."

"சாகுறதுக்கு போஸ் வேறயா?"

அத்தோடு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் பாதி வாதத்தில் நிறுத்தியதே இல்லை. அங்குலம் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

முடிச்சே இல்லாத, ரேகை நேராக ஓடிய கட்டை ஒன்று கிடைத்தது. நடுவில் கைப்பிடிக்குக் கனம் விட்டார். வில்லின் இரண்டு கைகளையும் நுனி வரை ஒடுக்கிக்கொண்டே போனார். நுனி கனத்தால் வில் தன்னைத் தூக்கவே பாதி பலத்தைச் செலவழித்துவிடும், அம்பு சோம்பிக் கிளம்பும். இதை மனைவியிடம் விளக்கினார். "மனுஷனுக்கும் அப்படித்தான். தலைக்கனம் கூடாது" என்றாள்.

இனி எடை போட வேண்டும். வில்லைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, நாணில் தொங்கு தராசைக் கோத்து, இருபத்தெட்டு அங்குலம் இழுத்து முள்ளைப் பார்க்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் வில்லின் வயிற்றுப் பக்கம் சீவ வேண்டும். சீவினால் இழுவை குறையும். குறைந்தது திரும்ப வராது.

"மூலையில பழைய பேப்பர் கடைக்காரர்கிட்ட தராசு இருக்கு. வாங்கிட்டு வர்றேன்."

"நீங்க அலைய வேண்டாம். நான் கொண்டு வர்றேன்."

கொண்டுவந்தாள். முதல் நாள் முள் நாற்பத்தாறைத் தொட்டது. அங்குலம் சீவினார். நாற்பது. இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிட்டு மறுபடி சீவினார். முப்பத்துமூன்று. இருபத்தைந்து. சீவலைக் கூட்டிப் பெருக்குவது மட்டும் மனைவியின் வேலை. எட்டாம் நாள் முள் இருபதில் நின்றது, ஒரு மயிரிழை பிசகாமல்.

சந்தில் வைக்கோல் மூட்டையைச் சாய்த்து வைத்து எய்து பார்த்தார். ஒரு நாளைக்கு நாற்பது அம்பு. மூச்சு வாங்கவில்லை. நெஞ்சில் ஒரு சுருக்குகூட இல்லை. இருபது கிலோவை நாற்பது தடவை இழுக்கிறவனுக்கு என்ன நோய்? டாக்டருக்குத்தான் அளவு தெரியவில்லை.

அன்றோடு மாத்திரையை நிறுத்தினார். மனைவி கையில் கொடுப்பதை வாயில் போடுவதுபோல் பாவனை செய்து, போகிற போக்கில் சீவல் குவியலுக்குள் செருகிவிடுவார்.

"காப்பி ஏன் இப்படிக் கசக்குது?"

"புதுத் தூள்."

பத்து நாள் கழித்துப் போட்டி. வாசலில் சங்கத்து நடுவர் வில்லை வாங்கி முறைப்படி எடை போட்டார். இன்னொரு தராசில் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்து கிலோ சார்."

"இருபது!"

"பத்து. வில்லு அருமையா வந்திருக்கு, குறையே இல்லை. ஆனா இந்த இழுவைக்குப் பன்னெண்டு வயசுக்கு உட்பட்டோர் பிரிவுதான் இருக்கு. பேர் எழுதட்டுமா?"

அங்குலம் பேர் கொடுக்கவில்லை. மைதானத்து ஓரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ கொண்டுவந்தது யார் தராசு?"

"காய்கறிக்காரர் தராசு."

"பேப்பர்காரர்கிட்ட இருக்குன்னுதானே சொன்னேன்?"

"அவர் நம்மகிட்ட வாங்குறவர். அவர் தராசு பாதிதான் காட்டும். அதுல இருபது வர்ற வரைக்கும் சீவியிருந்தீங்கன்னா நாப்பது கிலோ வில்லு வந்திருக்கும். அம்பு போகுதோ இல்லையோ, நீங்க போயிருப்பீங்க. காய்கறிக்காரர் நமக்கு விக்கிறவர். அவர் தராசு ரெட்டிப்பாக் காட்டும். டாக்டர் சொன்ன பத்துல கொண்டுவந்து நிறுத்திருச்சு."

முப்பது வருஷம் அளவு பார்த்தவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இழுத்தது பத்து கிலோதான் என்றால் நெஞ்சு குணமாகவில்லை.

"அடியே, நான் மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆச்சு!"

"தெரியும். சீவலைப் பெருக்குறது யாரு?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? நான் செத்துப்போயிருந்தா?"

அவள் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். மூடியில் காப்பியை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"அதான் புதுத் தூள்னு சொன்னேனே."