உங்கள் அக்கா பெட்டிமேல் குதித்த விவரம்

இதே சிங்கப்பூரில், ஈசூனில் சௌக்கியமாக இருப்பதாக நான் கேள்விப்படும் மைத்துனர் முத்துராமன் அவர்களுக்கு, சிராங்கூனிலிருந்து அத்தான் கோவிந்தராசு எழுதுவது. இங்கே நான் நலமில்லை. உங்கள் அக்கா பாக்கியலட்சுமி தேவைக்கு மேல் நலம். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நீங்கள் நழுவிவிடுவீர்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு, வரும் சனிக்கிழமை நேரில் வந்து அக்காவைக் கண்டிக்க வேண்டும்.

போன தீபாவளிக்கு முன் தேக்கா சந்தைக்கு வெளியே நடைபாதை விளிம்பில் கால் தவறி விழுந்து அவள் மணிக்கட்டை முறித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு நடந்தது தெரியாது. எலும்பு சேர்ந்துவிட்டது, பயம் போகவில்லை. பேருந்தில் ஏற, சாக்கடை மூடியைத் தாண்ட, மின்படிக்கட்டில் கால் வைக்க, எல்லாவற்றுக்கும் என் கைதான். நானும் ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் கொடுத்தேன். இப்படியிருக்க, திடீரென்று சமூக மன்றத்தில் ஜரீனா என்ற பயிற்சியாளரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். என்ன பயிற்சி என்றேன்.

"பாக்ஸ் ஜம்ப். நின்ன எடத்துலேர்ந்து மரப்பெட்டி மேல குதிச்சு ஏறணும்."

"இந்த வயசுல எதுக்கு?"

"உங்க கையப் புடிச்சுக்கிட்டே எத்தன நாளைக்கு நடக்கிறது? தனியா தேக்கா போய் மீன் வாங்கிட்டு வரணும்ங்க."

என் கைக்கு என்ன குறை என்று நீங்களே அவளிடம் கேளுங்கள்.

நீச்சல், மோட்டார் சைக்கிள், தட்டச்சு, மின்விசிறி பழுதுபார்ப்பது என்று எதையும் ஆசிரியர் வைத்துக் கற்றவன் இல்லை நான். ஆகவே மேற்பார்வை செய்ய வகுப்புக்குக் கூடவே போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெட்டி முழங்கால் உயரம்தான். உங்கள் அக்கா அதன் முன் நிற்கிறாள், கைகளைப் பின்னால் வீசுகிறாள், முழங்காலை மடக்குகிறாள், மூச்சை இழுக்கிறாள், அப்படியே நின்றுவிடுகிறாள். மறுபடி வீசுகிறாள், மறுபடி நிற்கிறாள். வகுப்பு முடியும்வரை இதேதான். "பயப்படாதே பாக்கியம்! பயப்படாதே!" என்று அவளுக்குத் தைரியம் ஊட்டினேன்.

"அங்கிள், நீங்க கத்துறதுதான் எங்களுக்குப் பயமா இருக்கு லா" என்றார் அந்த ஜரீனா.

அடுத்து வந்தது கால் தகராறு. குதிக்கும் கணத்தில் உங்கள் அக்காவுக்கு வலது கால் தானாக முன்னே போகும். போகாதா? என்னைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து, கோயில், கல்யாண மண்டபம், புது வீடு, விமானம் உட்பட எல்லாவற்றுக்குள்ளும் வலது காலை முதலில் வைத்தே போனவள். ஜரீனா இரண்டு காலும் ஒன்றாக வர வேண்டும் என்கிறார். நல்ல காரியத்துக்கு வலது கால்தான் முதலில், அது எங்கள் வழக்கம் என்று எழுந்து நின்று சொன்னேன்.

"ஆன்ட்டி என்ன, புது வீட்டுக்குப் பால் காய்ச்சவா போறாங்க? ஒரு கால் முந்தினா இன்னொண்ணு முனையில இடிக்கும், அங்கிள்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அக்காவும் என் சொல்லை மதித்து வலது காலை முதலில் அனுப்பினாள். இடது கால் விளிம்பில் உரசி, முழங்காலுக்குக் கீழே நீளமாகச் சிராய்த்துவிட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்னை எதற்குப் பார்க்க வேண்டும்? வலது கால் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. பின்தங்கியது இடது கால்.

இதோடு ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த வகுப்பன்று காலில் கட்டோடு வாசலில் உட்கார்ந்து காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்! கேட்டதற்கு, "அடிபடும்னுதான பயந்தேன்? பட்டாச்சு. இவ்ளோதான்னு தெரிஞ்சுபோச்சு" என்கிறாள். இந்தப் பதிலை அவள் எங்கே கற்றாளோ! ஜரீனா மெத்தென்ற தாழ்ந்த பெட்டி ஒன்றை எடுத்துப் போட்டார். விளிம்பைப் பார்க்காதீர்கள், கால் போய் இறங்க வேண்டிய நடு இடத்தைப் பாருங்கள் என்றார். வாரக்கணக்கில் அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அந்த வலது கால் கொஞ்சம் கொஞ்சமாக இடது காலுக்காகக் காத்திருக்கப் பழகியது.

போன சனிக்கிழமை மறுபடியும் மரப்பெட்டி. நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய உதவி அது. கையை வீசினாள், முழங்காலை மடக்கினாள், இந்த முறை நிற்கவில்லை. தொம் என்று ஒரே சத்தம், இரண்டு காலுக்கும் சேர்த்து. எல்லோரும் கை தட்டினார்கள். ஏறியவள் இறங்கவே இல்லை.

"ஆன்ட்டி, எறங்குங்க லா!"

"இரும்மா, கொஞ்சம் பாத்துக்கறேன்."

என்ன இருக்கிறது பார்க்க? ஒரு மின்விசிறி, நாலு தண்ணீர்ப் புட்டிகள், ஒரு கடிகாரம். முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டு அவற்றை மலையுச்சியிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தாள். முத்துராமன், உங்கள் அக்கா அவ்வளவு உயரம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் அதற்குப் பின் நடந்ததுதான் என் புகார். தேக்காவில் சாலையைக் கடக்க, வழக்கம்போல் நான் கையை நீட்டினேன். அவள் நடைபாதையிலிருந்து இறங்கி, எதிர்ப்புறம் ஏறி, மீன் கடையை நோக்கிப் போய்விட்டாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்றவர் அதில் ஒரு பிரியாணிக் கடை விளம்பரத்தைத் திணித்துவிட்டுப் போனார். இது ஒரு கணவனுக்கு நேர வேண்டிய கதியா? எனவே நீங்கள் வந்து, குதிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால், சாலை கடக்கும்போதாவது என் கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவளுக்குத் தேவையில்லை என்றாலும் பரவாயில்லை.

உங்கள் துணைவியார் அனிதாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள் உண்டு. அக்காவைக் கண்டிக்காமல் போனால் என் பங்கு மட்டும் திரும்பப் பெறப்படும்.

இப்படிக்கு,
சிராங்கூன் அத்தான்
கோவிந்தராசு

பி.கு.: கண்டிக்க வேண்டாம். சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள், வந்து வகுப்பு முடியும்வரை அக்காவை வெளியே தேநீர்க் கடையில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். உள்ளே எனக்கு ஒரு வேலை இருக்கிறது. நேற்று மன்றத்தில் யாரும் இல்லாதபோது அந்த மெத்தென்ற தாழ்ந்த பெட்டியின் முன் நின்று பார்த்தேன். கையை வீசினேன், முழங்காலை மடக்கினேன், மூச்சையும் இழுத்தேன். பயம் ஒன்றும் இல்லை. கால்கள்தான் தரையை விட்டு வர மறுக்கின்றன. இதன் முன்னால் அவள் அத்தனை வாரம் எப்படித்தான் நின்றாளோ!